தொழிற்சட்டச் சீர்திருத்தம்: காப்புறுதிக்கு முன் தளர்வா?

இந்நாட்டில் ஆட்சிகள் மாறியபோதும் மாறாத கோரிக்கைகள் சில உள்ளன. தொழிற்சட்டங்கள் தளர்த்தப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகும். வரவு செலவுத் திட்டத்துக்கு முந்திய கலந்துரையாடல்கள் தொடங்கி முதலீட்டாளர் மாநாடுகள் வரை முதலாளிமார் அமைப்புகள் இதனைத் தவறாது முன்வைத்து வந்துள்ளன. தொழிற்சங்கங்களும் அதே தவறாமையுடன் எதிர்த்து வந்துள்ளன. இரு தரப்பினரும் கூறுவதைக் கேட்கும் ஒருவர், இலங்கையின் தொழிலாளர் அனைவரும் அசைக்க முடியாத சட்டப் பாதுகாப்பின் கீழ் இருப்பதாகவே எண்ணக்கூடும். உண்மை நிலை அதுவன்று.

தொழிற்சந்தை நெகிழ்ச்சி என்று பொருளியலாளர் கூறும்போது மூன்று விடயங்களைக் கருதுகின்றனர். தேவைக்கேற்ப ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் இயலுதல் முதலாவது. வேலை நேரத்தை மாற்றியமைக்க இயலுதல் இரண்டாவது. உற்பத்தித்திறனுக்கேற்பச் சம்பளத்தை நிர்ணயித்தல் மூன்றாவது. இலங்கையில் இம்மூன்றில் முதலாவதே பெரும் சர்ச்சைக்குரியதாக இருந்து வருகின்றது. அதற்குக் காரணம் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டமாகும்.

இச்சட்டம் சொல்வது என்ன? பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனம் ஒன்றில், பன்னிரண்டு மாதங்களுக்குள் 180 நாட்கள் வேலை செய்த ஊழியர் ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்துவதாயின், அவரது எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட வேண்டும். அது கிடையாதவிடத்துத் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி பெறப்பட வேண்டும். இவ்விரண்டும் இன்றிச் செய்யப்படும் வேலைநீக்கம் சட்டத்தின் பார்வையில் செல்லுபடியற்றது. அத்தகைய ஊழியரை நிலுவைச் சம்பளத்துடன் மீள வேலைக்கமர்த்துமாறு ஆணையாளர் கட்டளையிடலாம்.

முன்னைய சட்டங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும், 1957ஆம் ஆண்டின் திருத்தத்தால் உருவாக்கப்பட்ட தொழில் நியாய சபைகளும் நடந்து முடிந்த அநீதிக்குப் பின்னர் பரிகாரம் தேடுபவை. வேலையிழந்தவர் முறையிட வேண்டும். சபை நீதியும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிக்கும். 1971ஆம் ஆண்டின் சட்டமோ வேலைநீக்கம் நிகழுமுன்னரே வாசலில் நின்று தடுப்பது. ஆட்குறைப்பு அவசியமானதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை அது முதலாளியிடமிருந்து எடுத்து அரசாங்க உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தது. கைத்தொழில்கள் பெரிதும் அரசின் கைக்குள் இருந்த, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய ஒரு காலத்தின் சிந்தனை அது. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சட்டம் அப்படியே நின்றது.

முதலாளிமாரின் முறைப்பாட்டில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். வெளிநாட்டுக் கட்டளைகளை நம்பியிருக்கும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கட்டளைகள் பாதியாகக் குறைந்தால், அது தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அனுமதிக்கான விசாரணை இழுபட்டுச் செல்லும் காலம் முழுவதும் சம்பளம் கொடுக்க நேருமாயின், எஞ்சிய தொழிலாளரின் வேலையும் ஆபத்துக்குள்ளாகலாம். பதினைந்து பேர் என்ற எல்லையைத் தாண்டாமல் பதினான்குடன் நின்றுகொள்ளும் சிறு நிறுவனங்களைப் பற்றியும் பேசப்படுகின்றது. இவ்வாறான விசாரணைகளின் தாமதத்தைக் கருதியே 2003ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, விண்ணப்பத்தின் மீது இரண்டு மாதங்களுக்குள் தீர்மானம் வழங்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. நட்டஈட்டைக் கணிப்பதற்கு வர்த்தமானியில் வெளியிடப்பட்ட சூத்திரம் ஒன்றே பயன்பட வேண்டும் என்றும் ஏற்பாடாகியது. அச்சூத்திரம் 2005ஆம் ஆண்டில் வெளியானது.

சூத்திரம் எளிமையானது. சேவையின் முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு மாதச் சம்பளம், அதன்பின் படிப்படியாகக் குறைந்து, ஆகக்கூடியது 48 மாதச் சம்பளம். பத்தாண்டுகள் வேலை செய்து மாதம் 40,000 ரூபா பெறும் ஒருவருக்கு இருபத்திரண்டரை மாதச் சம்பளம், அதாவது ஒன்பது இலட்சம் ரூபா கிடைக்க வேண்டும். மொத்தத் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அது தொடக்கத்தில் பன்னிரண்டரை இலட்சமாக இருந்து, 2021ஆம் ஆண்டில் 25 இலட்சமாக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே ரூபா வீழ்ச்சியடைந்து, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் எழுபது சதவீதத்தை எட்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயர்த்தப்பட்ட வரம்பின் பெறுமதி எவ்வளவு விரைவில் கரைந்தது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

எனினும் ஆசிய நாடுகள் பலவற்றுடன் ஒப்பிடுகையில் இந்நட்டஈடு உயர்ந்ததே. உலக வங்கி வெளியிட்டுவந்த, 2021இல் கைவிடப்பட்ட வணிகச் சூழல் அறிக்கைகளில், ஆட்குறைப்புச் செலவு மிக அதிகமான நாடுகளுள் ஒன்றாக இலங்கை காட்டப்பட்டு வந்தது. இந்தியாவும் இதேபோன்ற முன்னனுமதி முறையைக் கொண்டிருந்தது. நூறு பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கே அது பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த எல்லையை முந்நூறாக உயர்த்தியது. இவையெல்லாம் முதலாளிமாரின் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் விடயங்களே.

ஆனால் இச்சட்டம் யாரைக் காக்கின்றது என்ற கேள்வியைக் கேட்டால் காட்சி மாறிவிடுகின்றது. அரச ஊழியர்கள் இதன் கீழ் வருவதில்லை. பதினைந்து பேருக்குக் குறைந்த நிறுவனங்களின் ஊழியர்கள் வருவதில்லை. 180 நாட்கள் பூர்த்தியாகுமுன் மாற்றப்படுவோர் வருவதில்லை. உழைப்பாளர் தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் துறையில் இருக்கும் நாட்டில், எஞ்சியோரிலும் ஒரு பகுதியினருக்கே இந்தக் குடை விரிக்கப்பட்டுள்ளது. அந்தப் பகுதியும் ஓசையின்றிச் சுருக்கப்பட்டு வருகின்றது. அதற்கான வழி 'மேன்பவர்' என்று தொழிலாளர் மத்தியில் வழங்கும் ஆட்சேர்ப்பு முகவர் முறையாகும்.

கட்டுநாயக்க, பியகம போன்ற வர்த்தக வலயங்களை அண்டிய பகுதிகளில் இம்முறை எவ்வாறு இயங்குகின்றது என்பது பகிரங்கமான விடயம். முகவர் காலையில் வாகனத்தில் ஆட்களை ஏற்றிச்சென்று தேவைப்படும் தொழிற்சாலையில் இறக்குகின்றார். இன்று ஓரிடம், அடுத்த வாரம் வேறிடம். தொழிற்சாலை கூலியை முகவரிடம் கொடுக்கின்றது. அவர் தமது பங்கைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் தொழிலாளிக்குக் கொடுக்கின்றார். அந்தத் தொழிலாளியின் தொழில்தருநர் யார்? தொழிற்சாலையைக் கேட்டால் முகவரைக் காட்டும். முகவரோ நியமனக் கடிதமே வழங்கியிருக்கமாட்டார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தவேண்டிய 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் பலருக்குக் கிட்டுவதில்லை. ஓரிடத்தில் ஐந்தாண்டுகள் நிலைத்தால் மாத்திரமே உரித்தாகும் பணிக்கொடை இவர்களுக்குக் கனவிலும் எட்டாதது.

2020ஆம் ஆண்டின் கொவிட் நெருக்கடி இந்த இரட்டை நிலையை அப்பட்டமாக்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் தொழில் அமைச்சு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது கூடியதோ அது வழங்கப்படும் என்பதே அந்த உடன்பாடு. சட்டத்தைத் திருத்தாமல், யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், சம்பளச் செலவைக் குறைக்க வழி பிறந்தது. நெகிழ்ச்சி என்பது பேசித் தீர்த்தும் பெறப்படக்கூடியது என்பதற்கு இதனைவிடச் சிறந்த உள்ளூர் உதாரணம் இல்லை. ஆனால் மேன்பவர் தொழிலாளருக்கு அந்தப் பாதிச் சம்பளத்தைக் கொடுக்க எவரும் இருக்கவில்லை. விடுதி அறைகளில் முடங்கிய அவர்களுள் பலர் உலர் உணவுப் பொதிகளையே நம்பியிருந்தனர். வேலைநீக்கம் கடினமான நாடு என்று உலக வங்கி பட்டியலிட்ட அதே இலங்கையில், ஒரு தொலைபேசி அழைப்புமின்றி அவர்களது வேலை முடிவுக்கு வந்தது.

சம்பள நெகிழ்ச்சி எத்தகைய வடிவமெடுக்கும் என்பதை அறிய மலையகத்தைப் பார்க்கலாம். பெருந்தோட்டங்களில் சம்பளம் நீண்டகாலமாகக் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் தீர்மானிக்கப்பட்டு வந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபையினூடாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகி நின்றன. நாட்சம்பளத்தின் தொகை உயர்ந்தது உண்மை. ஆயின் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகவும், நிறை குறைந்தால் அரைப் பெயர் போடப்படுவதாகவும், வேலைநாட்கள் வெட்டப்பட்டதாகவும் தோட்டங்கள் பலவற்றிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. ஒப்பந்தம் இருந்த காலத்தில் இவை பேச்சுவார்த்தை மேசைக்கு வரக்கூடிய விடயங்கள். பின்னரோ துரையின் தீர்மானமாகிவிட்டன. 2024இல் 1,700 ரூபா என அறிவித்த வர்த்தமானி நீதிமன்றத்தில் தடைப்பட்டு, முடிவில் 1,350 ரூபாவே கிடைத்தது. ஒரு காலத்தில் கூட்டு ஒப்பந்தத்தைக் காட்டிக்கொடுப்பு என்று சாடியவர்களும் அதன் இன்மையை இப்போது உணர்கின்றனர்.

தொழிற்சங்கங்கள் சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சந்தேகிப்பதற்கு வரலாற்றுக் காரணங்களும் உள்ளன. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் சுமார் 40,000 பேரை ஒரே வீச்சில் வேலைநீக்கியது. 2011 மே மாதத்தில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். பொலிஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்த பின்னரே அச்சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. ஓய்வூதியம் என்பது நல்ல யோசனையே. ஆனால் தமது சேமலாப நிதிக்கு என்ன நேரும் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. 1999ஆம் ஆண்டின் திருத்தம், ஊழியர்களில் 40 சதவீதத்தினரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பதை நேர்மையற்ற தொழில் நடைமுறையாக்கியது. எனினும் அதற்காக வழக்குத் தொடரும் அதிகாரம் தொழில் ஆணையாளரிடமே விடப்பட்டது. சங்கம் நேரடியாக நீதிமன்றம் செல்ல முடியாது. வர்த்தக வலயங்களில் அந்த நாற்பதைத் திரட்டுவதே பெரும்பாடு. ஆட்கள் அடிக்கடி மாறுகின்றனர். மேன்பவர் தொழிலாளர் அங்கத்துவக் கணக்கில் சேர்வதே இல்லை.

இத்தகைய பின்னணியிலேயே 2023இல் அன்றைய தொழில் அமைச்சர் மனுஷ நாணயக்கார, சிதறிக் கிடக்கும் தொழிற்சட்டங்களை ஒருங்கிணைக்கும் புதிய வேலைவாய்ப்புச் சட்ட யோசனையை முன்வைத்தார். ஒருங்கிணைப்பு தேவையானதே. கடை, காரியாலய ஊழியருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம், சம்பள நிர்ணய சபைத் தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒரே கட்டடத்தின் இரு மாடிகளில் இரு விதமான விடுமுறைகள் நிலவும் நிலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் எட்டு மணிநேர வேலைநாளைத் தளர்த்தவும் வேலைநீக்கத்தை இலகுவாக்கவும் அதில் இடமிருப்பதாகச் சங்கங்கள் குற்றஞ்சாட்டின. போதிய கலந்தாலோசனை நடைபெறவில்லை என்ற குறையும் கூறப்பட்டது. அந்த ஆட்சி நீங்கும்வரை அது சட்டமாகவில்லை.

தளர்வை வேண்டுவோர் டென்மார்க்கை அடிக்கடி உதாரணம் காட்டுவர். அங்கு ஆட்குறைப்பு இலகுவானது என்பது உண்மை. ஆனால் வேலையிழப்புக் காப்புறுதியில் இணைந்த ஒருவருக்கு அங்கு இரண்டாண்டுகள் வரை உதவிப்பணம் கிடைக்கும். அக்காப்புறுதி நிதியங்கள் தொழிற்சங்கங்களுடன் நெருங்கிய தொடர்புடையவை. ஊழியரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சங்க அங்கத்தவர்கள். தளர்ந்த கயிற்றின் கீழ் அங்கு வலை கட்டப்பட்டிருக்கின்றது.

இங்கே அந்த வலை இல்லை. வேலையிழப்புக் காப்புறுதி பற்றி 2000களின் முற்பகுதியிலேயே பேசப்பட்டது, நிறுவப்படவில்லை. நாற்பது வயதில் தொழிற்சாலை மூடப்பட்டு வேலையிழக்கும் பெண் ஒருவர் தமது சேமலாப நிதியைப் பெறுவதற்குச் சாதாரணமாக ஐம்பது வயதுவரை காத்திருக்க வேண்டும், ஆணாயின் ஐம்பத்தைந்து. அவருக்கு உடன் கைகொடுக்கக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதியில் உள்ள சிறு தொகையும், கிடைத்தால் பணிக்கொடையும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் நட்டஈடுமே. அதாவது இச்சட்டம் ஒரு வேலைநீக்கத் தடை மட்டுமன்று. அரசு ஏற்படுத்தத் தவறிய காப்புறுதியின் வேலையையும் அதுவே செய்து வருகின்றது. அதனை முதலில் அகற்றிவிட்டுப் பின்னர் பார்ப்போம் என்பது, கூரையைப் பிரித்தபின் மரம் தேடப் போவதற்கு ஒப்பானது.

ஆதலால் சீர்திருத்தத்தின் வரிசை மாற வேண்டும் என்பது நமது கருத்து. ஆட்சேர்ப்பு முகவர்கள் பதிவு செய்யப்பட்டு, அவர்கள் செலுத்தத் தவறும் சேமலாப நிதிக்கும் சம்பளத்துக்கும் ஆட்களைப் பயன்படுத்தும் தொழிற்சாலையும் கூட்டாகப் பொறுப்பாக்கப்பட வேண்டும். இதற்கு அரசின் பணம் ஒரு சதமும் தேவையில்லை. அடுத்து வேலையிழப்புக் காப்புறுதி நிதியம் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலுத்தினால், நெருக்கடி வரும் நாளில் 48 மாதச் சம்பளத்தை ஒரே தடவையில் தேடவேண்டிய அவலம் முதலாளிக்கும் இராது. கதவடைத்து ஓடிய முதலாளியிடம் நட்டஈடு கேட்டு அலையவேண்டிய அவலம் தொழிலாளிக்கும் இராது. அந்நிதியம் இயங்கத் தொடங்கிய பின்னர் முன்னனுமதி முறையைத் தளர்த்துவது பற்றிச் சங்கங்களுடன் பேசலாம். அவ்வாறு பேசுவதாயின் ஒரு கேள்விக்கு முதலில் விடை காணப்பட வேண்டும்: நிதியத்தை நிருவகிப்பது யார்? 2023ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தமது சேமலாப நிதி சுமை தாங்கியதைக் கண்ட தொழிலாளர், இன்னொரு நிதியின் சாவியையும் திறைசேரியிடம் கொடுக்க இலகுவில் இணங்கமாட்டார்கள்.