சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கும் வீடு வேண்டும்

1998 ஆம் ஆண்டு, வீட்டுக்கு ஸ்லெப் போடுவதற்காக ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனேன். வாப்பா காலத்துக் கடை, கையில் காணி உறுதி. முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், "சம்பளச் சீட்டு இருக்கிறதா?" என்றார். கடைக்காரனுக்கு யார் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பது? என்னிடம் கணக்குக்குச் சாமான் வாங்கும் ஓர் ஆசிரியருக்கு அதே வங்கியில் கடன் கிடைத்தது!

அதனால்தானோ என்னவோ, இந்தியாவில் வீட்டுக் கடனுக்கு வழி திறந்த ஹஸ்முக்பாய் பாரேக்கின் கதை எனக்குப் பிடிக்கும். 1911 இல் பிறந்தவர். தகப்பனாருடன் பம்பாயில் ஒரு சாளில், அதாவது நம் லைன் வீடு போன்ற நெருக்கமான குடியிருப்பில் வளர்ந்தவர். லண்டனில் பொருளியல் படித்தார். பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை பார்த்து, 1956 இல் ஐ.சி.ஐ.சி.ஐ. யில் சேர்ந்து அதன் தலைவருமானார். அந்த நிறுவனம் கடன் கொடுத்தது தொழிற்சாலைகளுக்கு. அங்கு வேலை செய்பவன் எங்கே தூங்குகிறான் என்பதை யாரும் கேட்கவில்லை. அன்று சம்பளக்காரர் ஓய்வு பெற்று சேமலாப நிதி கைக்கு வந்த பிறகுதான் வீடு கட்டுவார். பிள்ளைகள் வாடகை வீட்டிலேயே வளர்ந்து முடிந்திருப்பார்கள்.

1977 இல், 66 வயதில், பாரேக் எச்.டி.எப்.சி. யை ஆரம்பித்தார். (நம் நாட்டில் அதே பெயரில் இருக்கும் வங்கி வேறு.) மூலதனம் 10 கோடி இந்திய ரூபாய். ஐ.சி.ஐ.சி.ஐ. யும் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனமும் ஆகா கானும் பங்கெடுத்தார்கள். ஆனால் பொதுமக்களுக்கு விட்ட பங்குகள் முழுதாக விலைபோகவில்லை. கடனாளி கட்டாவிட்டால் வீட்டை மீட்க நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைய வேண்டிய காலம் அது. இதில் யார் பணம் போடுவார்? பாரேக்கின் கணக்கு வேறு: மாத வருமானத்துக்குள் அடங்கும் தவணை என்றால், குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்ற மனிதன் எப்படியும் கட்டுவான். கடனுக்குக் கொடுக்கும் நமக்கும் இது தெரிந்ததுதானே!

வட்டி விடயத்தில் நமக்கு உடன்பாடில்லை, அதைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், வங்கியும் நாமும் கூட்டாக வீட்டை வாங்கி வங்கியின் பங்கைப் படிப்படியாக நாம் வாங்கிக்கொள்ளும் முறைக்கு வழி பிறந்தது. ஆனால் அங்கும் முதல் கேள்வி வருமானத்துக்கு ஆதாரம் என்னவென்பதுதான்.

பாரேக்கின் ஆரம்பத் திட்டத்திலும் என் போன்றவன் சற்று வெளியேதான் நின்றான். அவர் மனதில் இருந்தது மாதச் சம்பளக்காரர். அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது, 1986 இல் எச்.டி.எப்.சி. யும் ஆகா கான் நிதியமும் சேர்ந்து குஜராத்தில் உருவாக்கிய க்ருஹ் நிறுவனம். கிராமத்தவருக்கும் சிறு தொழில் செய்பவருக்கும் கடன் கொடுப்பது அதன் வேலை. கடுதாசி இல்லாதவனின் வருமானத்தை வீட்டுக்கும் கடைக்கும் நேரில் போய்ப் பார்த்து மதிப்பிட வேண்டும். இது செலவான வேலைதான், பல வங்கிகள் அதனாலேயே ஒதுங்குகின்றன.

பாரேக் 1994 இல் காலமானார். க்ருஹ் 2019 இல் பந்தன் வங்கியோடும், எச்.டி.எப்.சி. 2023 இல் தான் தொடங்கிய வங்கியோடும் இணைந்துவிட்டன.

நான் அந்த வங்கியிலிருந்து வந்த மறுநாள் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, அன்றாட விற்பனையை எழுதத் தொடங்கினேன். இன்றும் எழுதுகிறேன். ஸ்லெப் மட்டும் 2004 இல்தான் போட்டேன், அதுவும் சீட்டுப் பிடித்த காசில்.