பசுவைப் பற்றிப் பத்து வரி

பத்து வயதுப் பையனிடம் நேற்று மாலை நடந்த பந்தாட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். யார் பந்தைத் தவறவிட்டான், யார் அழுதான், பந்து யார் வீட்டு ஜன்னலில் போய் விழுந்தது, அந்த வீட்டு மாமி என்ன சொன்னாள் என்பது வரையில் ஒன்று விடாமல் சொல்லி முடிக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதே பையன் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, "பசுவைப் பற்றிப் பத்து வரி எழுது" என்று சொல்லுங்கள். அடுத்த நிமிஷமே அவனுக்குத் தாகம் எடுக்கும். பென்சில் முனை ஒடிந்து போகும். அரை மணி நேரத்துக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தால், பசு ஒரு சாதுவான பிராணி என்றும், அதற்கு நான்கு கால்கள் உண்டு என்றும் இரண்டு வரிகள் இருக்கும். பாக்கி எட்டு வரிகளுக்குப் பசுவிடம் அங்கங்கள் போதவில்லை!

"பையன் சோம்பேறி" என்று தகப்பனார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். "புத்தி விளையாட்டில் இருக்கிறது" என்று உபாத்தியாயர் அதை ஊர்ஜிதம் செய்கிறார். ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி பையன்தானா என்று சற்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. பசுவுக்கு நான்கு கால் என்பது உபாத்தியாயருக்குத் தெரியும். தமக்குத் தெரிந்ததையே அவர் கேட்கிறார் என்பது பையனுக்கும் தெரியும். அறிந்தவரிடம் அறிந்ததைச் சொல்வதற்கு யாருக்குத்தான் உற்சாகம் பிறக்கும்? பந்தாட்டக் கதையைக் கேட்க ஆள் இருந்தது. பசுவைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

டால்ஸ்டாயின் பள்ளிக்கூடம்

இந்தச் சங்கடம் மகா எழுத்தாளர் ஒருவருக்கே நேர்ந்திருக்கிறது. 1859-ஆம் ஆண்டில், ருஷ்ய தேசத்தில் யாஸ்னயா போல்யானா என்னும் தமது கிராமத்தில், குடியானவர்களின் குழந்தைகளுக்காக டால்ஸ்டாய் ஒரு பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். எழுதப் பழக்குவதற்கு எளிய விஷயங்களாகக் கொடுக்கலாம் என்று எண்ணி, ரொட்டியையும் குடிசையையும் மரத்தையும் வர்ணிக்கும்படி மாணவர்களுக்குச் சொன்னார். நாள்தோறும் கண்ணெதிரே காணும் பொருள்கள்தாம். ஆனால் குழந்தைகளுக்கு அழுகையே வந்துவிடும் போல் ஆகிவிட்டது. நம் ஊர்ப் பசுவுக்கு அந்த ஊர் ரொட்டி சளைத்ததன்று!

பிறகு ஒரு நாள் டால்ஸ்டாய் ஒரு பழமொழிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துகிறவனைப் பற்றி அதில் ஒரு பழமொழி. உபகாரம் செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டல்லவா? அதற்கு ஏற்றாற்போல் ஒரு கதை எழுதலாமே என்றார். "நீங்களே எழுதுங்கள்" என்று பையன்கள் நழுவப் பார்த்தார்கள். டால்ஸ்டாய் உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதினார். பையன்கள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுதியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை! இப்படியல்ல, அப்படியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். டால்ஸ்டாய் தம்முடைய கதையைக் கைவிட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும் குமாஸ்தாவாகிவிட்டார்.

அன்று இரவு ஏழு மணியிலிருந்து பதினோரு மணி வரையில் ஸெம்கா, ஃபெத்கா என்ற இரண்டு பையன்கள் இடத்தை விட்டு அசையவில்லை. பசியும் களைப்பும் அவர்களுக்குத் தெரியவில்லை. டால்ஸ்டாய் பேனாவைக் கீழே வைத்தபோது அவர்களுக்குக் கோபமே வந்தது. கதையில் உதவிக்கு ஓடிவரும் ஒரு குடியானவன் பெண்பிள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு வருவதாக ஃபெத்கா சொன்னான். அது ஏன் என்று கேட்டால் அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அப்படி இருந்தால்தான் சரியாக இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. அந்த ஒரு மேலங்கியில், கைக்கு அகப்பட்ட துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிற அந்த ஏழை வீட்டின் குளிர்கால இரவு முழுவதும் டால்ஸ்டாயின் கண்முன் வந்து நின்றது. தமக்குத் தோன்றாத ஒன்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றியதே என்று அவர் பிரமித்துப் போனார்.

அந்தக் கதைக் காகிதங்கள் சில நாளில் பாழாய்ப் போயின. டால்ஸ்டாய் இல்லாத சமயத்தில் மற்றப் பையன்கள் அவற்றைக் கிழித்து விளையாட்டுப் பொருள் செய்துவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் ஸெம்காவும் ஃபெத்காவும், தாங்களே மறுபடி எழுதித் தருவதாகச் சொல்லி இரவில் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரொட்டியைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் கண் கலங்கும் வகுப்புப் பிள்ளைகள், தொலைந்து போன ஒரு முழுக் கதையைத் தாங்களாக இரண்டாம் முறை எழுத வருகிறார்கள்! 1862-இல் தாம் நடத்திய பத்திரிகையில் டால்ஸ்டாய் இந்த நிகழ்ச்சிகளை எல்லாம் விவரித்து, குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்றே ஒரு கேள்வியை எழுப்பினார்.

அந்தக் கட்டுரையின் முடிவில் உபாத்தியாயர்களுக்கு அவர் சொன்ன யோசனைகள் இன்றைக்கும் பொருந்தும். குழந்தைகளுக்கென்று பொம்மை விஷயங்களைக் கற்பிக்காமல், பெரியவருக்கே ருசிக்கும் விஷயங்களைக் கொடுக்க வேண்டும். மற்றக் குழந்தைகள் எழுதியவற்றை மாதிரியாக வாசிக்கக் கொடுக்க வேண்டும். எழுதியதைப் பார்க்கும்போது கையெழுத்தைப் பற்றியும் எழுத்துப் பிழையைப் பற்றியும் வாயைத் திறக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுவதில் கஷ்டமான பகுதி எது என்பதை அறிய வேண்டும். மனத்தில் கூட்டமாக வரும் எண்ணங்களில் ஒன்றைப் பொறுக்குவது, அதற்குச் சொல் தேடுவது, முன்பு சொன்னதை நினைவு வைத்துக் கொள்வது, இவற்றோடு கையையும் ஓட்டுவது ஆகிய இத்தனை வேலைகளும் ஒரே சமயத்தில் வந்து விழுகின்றன. ஆகையால் ஆரம்பத்தில் பாதிப் பாரத்தைப் பெரியவர் சுமந்து, சிறிது சிறிதாகக் குழந்தையின் தோளுக்கு மாற்ற வேண்டும்.

அச்சு இயந்திரமும் காகிதத் துண்டுகளும்

குழந்தையின் எழுத்துக்கு உண்மையான வாசகரைத் தேடிக் கொடுத்தவர் பிரான்ஸ் தேசத்து உபாத்தியாயர் ஸெலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயம் பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலாது. 1920-இல் தெற்கே ஒரு மலைக் கிராமத்தில் வேலைக்கு அமர்ந்தவர், குழந்தைகளை வெளியே உலாவ அழைத்துப் போய், திரும்பி வந்ததும் அவர்கள் கண்டதைச் சொல்லச் செய்தார். பின்னர் வகுப்பிலேயே ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வாங்கி வைத்தார். குழந்தைகளே எழுத்துக் கோத்து, தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனி கடற்கரையிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் போயின. அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. மலையில் வளரும் பிள்ளைக்குக் கடற்கரை வாழ்க்கை அதிசயம். கடற்கரைப் பிள்ளைக்கு மலை அதிசயம். தனக்கு அன்றாடமாக இருப்பது இன்னொருவருக்குச் செய்தி என்று தெரிந்த பிறகு, எழுத என்ன இருக்கிறது என்று எந்தக் குழந்தை கேட்கும்? பிழை திருத்தமும் தானாக நடந்தது. அச்சாகி ஊர் தாண்டிப் போகிற எழுத்தில் தவறு இருக்கக் கூடாது என்ற கவலை, இப்போது குழந்தைக்கே உண்டாகிவிட்டதல்லவா?

இந்த வழியைப் பின்பற்றியவர்களில் ஒருவர் இத்தாலிய உபாத்தியாயர் மாரியோ லோடி. அவர் 1963-இல், பிளாரன்ஸ் நகரத்துக்கு வடக்கே பார்பியானா என்னும் மலைக் குக்கிராமத்துக்குப் போனார். அங்கே லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார், வேறு பள்ளிகளில் தேறாது என்று தள்ளப்பட்ட ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொல்லி வந்தார். லோடியின் மாணவர்களுக்குக் கடிதம் எழுதப் புகுந்த பார்பியானாப் பிள்ளைகள், கூட்டாக எழுதும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அது மிகவும் எளிய முறை. தோன்றும் எண்ணங்களை ஒவ்வொருவரும் உடனே குறித்துக் கொள்ள வேண்டியது. ஒரு காகிதத் துண்டுக்கு ஓர் எண்ணந்தான். ஒரு நாள் எல்லாத் துண்டுகளையும் ஒரு பெரிய மேஜைமேல் பரப்புவது. இரண்டு முறை வந்தவற்றைக் கழிப்பது. ஒரே இனமானவற்றை ஒரு குவியலாகச் சேர்ப்பது. அந்தக் குவியல்களே அத்தியாயங்கள். பிறகு சேர்த்து எழுதி, வேண்டாத சொற்களையும் நீண்ட வாக்கியங்களையும் வெட்டுவது. கடைசியில், அதிகம் படிக்காத யாரையேனும் அழைத்து வாசிக்கச் சொல்வது. அவருக்கு விளங்காத இடத்தை மாற்றி எழுதுவது. டால்ஸ்டாய் சொன்ன அந்தக் கஷ்டமான வேலை இங்கே கைக்கு அடக்கமான சிறு சிறு வேலைகளாகப் பிரிந்து, சீட்டு விளையாட்டைப் போல் ஆகிவிடுகிறது!

இந்த முறையில்தான் எட்டுப் பையன்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு புத்தகம் எழுதினார்கள். 1967-இல் அது வெளியாயிற்று. ஏழைகளின் பிள்ளைகளைப் பரீட்சையில் தள்ளி, வயலுக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பிவிடும் பள்ளியின்மேல் அவர்கள் தொடுத்த வழக்கு அது. இத்தாலி முழுவதும் அதைப் படித்து விவாதித்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, தமிழிலும் வந்திருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எழுதிய எழுத்து அது என்பதை மறந்துவிடலாகாது.

அனுபவம் சொன்னதை ஆராய்ச்சியும் ஆதரித்திருக்கிறது. 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடம் நடந்த பல பரிசோதனைகளை ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் என்னும் இரு அறிஞர்கள் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2007-இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எழுதும் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுவதும், பிள்ளைகளைச் சேர்ந்து எழுத விடுவதும் மிகுந்த பலன் தருவனவாகத் தெரிந்தன. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதனால் மட்டும் எழுத்து முன்னேறியதாகக் காணவில்லை.

நம் குழந்தைகளின் தனிக் கஷ்டம்

தமிழ்க் குழந்தைக்கு இவற்றோடு மற்றொரு பாரமும் உண்டு. அவன் பேசுகிற தமிழ் ஒன்று. எழுத வேண்டிய தமிழ் வேறொன்று. "பந்து வந்துச்சு, புடிச்சிட்டேன்" என்று வாயில் வருவதை, "பந்து வந்தது, பிடித்துவிட்டேன்" என்று மாற்றிக் காகிதத்தில் இறக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் அவனுக்கு ஒரு மொழிபெயர்ப்பு. இதற்கு நடுவில் ரகர றகரமும், மூன்று னகரங்களும், லகர ளகர ழகரமும் வழி மறித்து நிற்கின்றன. போதாக்குறைக்குச் சிவப்பு மசி வேறு! சொன்னது என்ன என்று ஒருவரும் கேட்காமல், றகரம் எங்கே என்று மட்டும் கேட்டால், அடுத்த முறை அவன் பிழை வராத வழியைக் கண்டுபிடித்துவிடுவான். குறைவாக எழுதினால் பிழையும் குறைவு. எழுதாமலே இருந்தால் பிழையே இல்லை.

ஆகையால் முதலில் அவனைச் சொல்ல விடுங்கள், நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்னதை அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். பாத்திரங்கள் பேசும் இடங்களில் பேச்சுத் தமிழ் அப்படியே இருக்கட்டும். நம் கதாசிரியர்கள் எல்லோரும் செய்கிற காரியந்தான் அது. சில நாள் கழித்துப் பாதியை நீங்களும் பாதியை அவனுமாக எழுதுங்கள். பென்சில் தானாக அவன் கைக்கு மாறிவிடும். பிழைகளைப் பின்னொரு நாள், ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரதி எடுக்கும்போது திருத்தலாம்.

எழுத விஷயம் எங்கே என்று கேட்க வேண்டாம். வீடு நிறைய இருக்கிறது. பாட்டி ஊறுகாய் போடும் முறையைக் கேட்டு, வெளியூரில் இருக்கும் அத்தைக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உப்பின் அளவை எழுத விட்டுப்போனால் அத்தையே கேட்டு எழுதுவாள். எந்தச் சிவப்பு மசியும் அவ்வளவு நன்றாகப் பாடம் சொல்லாது. சைக்கிள் வேண்டும் என்று நச்சரிக்கும் பெண்ணிடம், காரணங்களைக் காட்டி விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிலை நீங்களும் எழுத்தில் கொடுங்கள். முந்திய தலைமுறைகளில் பல ஊர்களில் இளைஞர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றி வரும். வாசித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதுவார்கள். விடுமுறையில் தெருக் குழந்தைகள் நாலு பேர் கூடினால் இன்றும் அப்படி ஒன்று நடத்தலாம். பந்தாட்டச் செய்தி ஒரு பக்கம், தெரு நாயின் சரித்திரம் ஒரு பக்கம், மாமியின் ஜன்னல் கண்ணாடியைப் பற்றித் தலையங்கம்!

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். "எனக்கு எழுத வராது" என்று பத்து வயதில் முடிவு கட்டிக்கொண்ட குழந்தை, முப்பது வயதில் தன் குறையை எழுதத் தாலுகா ஆபீஸ் வாசலில் இன்னொருவரைத் தேடி நிற்க நேரலாம். தனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைத் தன் சொந்த வார்த்தையால் எழுதிக் கேட்க முடிகிறவனை எளிதில் யாரும் ஏமாற்றிவிட முடியாது. பார்பியானாவின் எட்டுப் பையன்கள் நிரூபித்தது இதைத்தான்.

இதற்கு அச்சு இயந்திரமும் வேண்டாம். மலைக் கிராமமும் வேண்டாம். குழந்தை எழுதிய தாளைக் கையில் வாங்கியதும் பென்சிலைத் தேடாமல் முழுவதையும் படித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.