புகைமூட்டத்தில் விமானம் ரத்தா? எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்

2018 போகியன்று பழம்பொருட்களை எரித்த புகை பனியோடு கலந்து சென்னை விமான நிலையத்தைச் சூழ்ந்தது. பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இப்படிப்பட்ட காலைகளில் விமானம் இறங்கலாமா என்பதை முடிவு செய்வது ஓர் எண்: ஓடுபாதைப் பார்வைத் தொலைவு. விமானத் துறையில் ஆர்.வி.ஆர். என்பார்கள். கேட்-1 எனப்படும் சாதாரண வகைத் தரையிறக்கத்துக்கு இது 550 மீட்டராவது இருக்கவேண்டும்.

இந்த எண்ணைத் தரும் கருவிகள் இரண்டு வகை. டிரான்ஸ்மிசோமீட்டர், ஒரு கம்பத்திலிருந்து ஒளியை அனுப்பி, சில பத்து மீட்டர் தள்ளியுள்ள இன்னொரு கம்பத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். வழியில் சிதறியதும் உறிஞ்சப்பட்டதும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும். பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' இந்த வகைதான். ஆனால் கண்ணாடியில் தூசி படிந்தாலோ கம்பம் சற்றே விலகினாலோ கணக்கு பிசகும். பராமரிப்பு விடாமல் நடக்கவேண்டும்.

ஃபார்வர்டு ஸ்கேட்டர் மீட்டர் ஒற்றைக் கம்பத்தில் நிற்கும். விலையும் பராமரிப்பும் குறைவு. கையளவு காற்றில் சிதறும் ஒளியை மட்டும் அளந்து, மற்றதைக் கணித்துச் சொல்லும். பனிமூட்டத்துக்கு அது போதும். கரும்புகையோ ஒளியை உறிஞ்சும். அந்த இழப்பு இதன் கண்ணில் படாது. உண்மையைவிடக் கூடுதல் தொலைவைக் காட்டிவிடக்கூடும். இது ஆபத்தான பக்கம் சாயும் பிழை. போகிப் புகை சூழும் ஊரில் டிரான்ஸ்மிசோமீட்டர்தான் வேண்டும் என்பேன்.

ஆர்.வி.ஆர். எண் குறைவாக இருக்கும்போது, ஏன் இறக்கவில்லை என்று ஊழியரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். உரிமையையும் விட்டுவிடாதீர்கள். வானிலையால் ரத்தானால் இழப்பீடு கிடையாது என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஆனால் முழுப் பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. 'வானிலை' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பலர் இதையும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

காரணத்தில் சந்தேகம் வந்தால், அந்த நேரத்து மெட்டார் அறிக்கையைத் தேடிப் பாருங்கள். விமான நிலைய வானிலையைச் சொல்லும் அது எல்லோரும் பார்க்கக்கூடியது. உங்கள் விமானம் புறப்பட்டு வரவேண்டிய ஊரின் அறிக்கையையும் பாருங்கள். மூட்டம் அங்கே இருந்திருக்கலாம். குறுஞ்செய்தி, டிக்கெட், அறிக்கையின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார், பிறகு மத்திய அரசின் ஏர்சேவா தளம். அங்கும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.