பிறபொருளெதிரியும் தன்பொருளெதிரியும்

நயினாதீவிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் குறிகட்டுவான் வரை படகேறி, பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியாகப் பேருந்திற் செல்லவேண்டும். என்னிடம் மணிமேகலை பாடங்கேட்ட மாணவி ஒருத்தி மூன்று திங்களுக்கொருமுறை இவ்வழியே வருகின்றாள், இரத்தங் கொடுப்பதற்காக. வெயில் அவளுக்கு ஆகாது. படகிலுங் குடையை மடக்காள். சென்றமுறை வேலணையில் என் வீட்டு விறாந்தையில் இளைப்பாறியவள், "ஐயா, இப்ப சுகமாத்தானே இருக்கிறன். ஏன் இவ்வளவு தூரம் அலையவேணும்?" என்றாள்.

அவளைப் பற்றியிருக்கும் நோய் லூப்பசு. இலத்தீனில் அச்சொல் ஓநாயைக் குறிக்கும். நோயாளருட் பத்துக்கு ஒன்பதின்மர் பெண்களே.

இரத்தத்திலுள்ள காவற்பொருளை நமது பாடநூல்கள் 'பிறபொருளெதிரி' என வழங்குகின்றன. நல்ல சொல், ஆயின் இந்நோயில் அச்சொல்லே பொய்த்துவிடுகின்றது. புகுந்த கிருமியை எதிர்க்கவேண்டியது, தன் உடற்கலங்களின் கருவையே எதிர்க்கின்றது. அதனைத் 'தன்பொருளெதிரி' என்றல் தகும். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் கிறீன் இன்றிருப்பின் இதனினுஞ் சிறந்ததொன்று ஆக்கியிருப்பார்.

1948இல் அமெரிக்காவில் ஹார்கிரேவ்ஸ் என்பாரும் துணைவரும், இந்நோயாளரின் என்புமச்சையில், பிற கலத்தின் கருவை விழுங்கிய வெண்குருதிக் கலங்களைக் கண்டு வெளியிட்டனர். 1957இல் டி.என்.ஏ.யை எதிர்க்கும் பொருள் அறியப்பட்டது. இன்று இவ்வெதிரிகள் பலவாகப் பெருகிவிட்டன. எல்லாம் ஒரே செய்தியைச் சொல்வன அல்ல.

மணிமேகலையின் 29ஆம் காதை, ஏதுப்போலிகளுள் அநைகாந்திகம் என ஒன்றை ஓதுகின்றது. கருதிய பொருள் உள்ளவிடத்தும் இல்லாவிடத்தும் ஒப்பக் காணப்படும் ஏது அது. கருவெதிரி அத்தகையதே. லூப்பசு நோயாளர் ஏறக்குறைய எல்லாரிடத்தும் அஃதுண்டு. நோயற்றார் சிலரிடத்தும் உண்டு. நோய் தணிந்தாலும் பெரும்பாலும் நீங்காது. எனவே அதனை மீண்டும் மீண்டும் அளந்து பயனில்லை. 1966இல் கண்டறிந்த எஸ்.எம். எதிரியோ இந்நோயையே சுட்டவல்லது. ஆயினும் நோய் ஏறியதா இறங்கியதா என்பதை நம்பும்படி உரைக்காது.

இரட்டையிழை டி.என்.ஏ. எதிரியே வேறுபட்டது. பலரிடத்து நோய் மூளும்போது ஏறும், தணியும்போது இறங்கும். சிறுநீரகம் தாக்குண்ணுங் காலத்து இது சிறப்பாகப் புலப்படும். சிலரில் உடல் நோவதற்குச் சில வாரம் முன்னரே ஏறிவிடும். எதிரியும் அது பற்றிய பொருளும் பிணைந்து சிறுநீரகத்திற் படிய, சி3, சி4 என்னும் இரத்தப் புரதங்கள் செலவாகிக் குறைகின்றன. ஒன்று ஏற மற்றவை இறங்கின் வைத்தியர் விழிப்படைவர். ஆயினும் எண் மட்டும் உயர்ந்து, ஆண்டுக்கணக்கில் நோய் மூளாதிருப்போரும் உளர். புகையுண்டு, நெருப்பில்லை.

இவற்றைச் சொன்னேன். "அப்ப சலத்தையும் பாக்கிறது இதுக்குத்தானோ?" என்றாள். "ஓம் பிள்ளை, சிறுநீரகம் நொந்து சொல்லாது" என்றேன்.

அம்முறை டி.என்.ஏ. எதிரி ஏறியிருந்தது, சலத்திற் புரதமில்லை. வைத்தியர் மருந்தை மாற்றவில்லை. மூன்று திங்கள் என்றிருந்ததை ஒரு திங்களாக்கினார்.