உங்களுக்குத் தெரியுமா? ஓரத்தில் எழுதிய நட்பு

நட்பைப் பற்றிப் பேச அரிஸ்டாட்டில் தன் அறநூலின் 10 பகுதிகளில் இரண்டை முழுதாக ஒதுக்கினார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தேனுக்கோ ஒரே ஒரு நண்பரைப் பற்றிப் பேசவே ஆயுள் போதவில்லை.

அந்த நண்பர் எத்தியேன் டி லா போயெசி. இருவரும் போர்தோ நீதிமன்றத்தில் பணியாற்றியவர்கள். நேரில் பார்க்கும் முன்பே ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருந்தார்கள். ஊர் விழாக் கூட்டமொன்றில் சந்தித்தார்கள், அன்றே நெருங்கிவிட்டார்கள். பழகியது சில ஆண்டுகள்தான். 1563 ஆகஸ்டில் லா போயெசி நோயில் விழுந்தார். ‘இது தொற்றக்கூடியது, அதிக நேரம் அருகில் இருக்க வேண்டாம்’ என்று அவரே எச்சரித்தும் மொந்தேன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. 32 வயதில் இறந்த லா போயெசி, தன் நூல்களை மொந்தேனுக்கு விட்டுச்சென்றார்.

1580இல் வெளியான நட்புக் கட்டுரையில், அவரை ஏன் நேசித்தேன் என்று சொல்ல இயலாது என்பதோடு மொந்தேன் நிறுத்திக்கொண்டார். பிறகு, 1588 பதிப்பின் தன் சொந்தப் பிரதியில், அதே பக்கத்தின் ஓரத்தில் கைப்பட விடை எழுதினார். அவர் யார், நான் யார் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை என்பது அதன் சாரம். அதையும் ஒரே மூச்சில் எழுதவில்லை. நண்பரைப் பற்றிய பாதி முதலில்; தன்னைப் பற்றிய பாதி பின்னர், வேறு மையில். நண்பர் இறந்து 25 ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை என்பதுதான் வியப்பு.

அந்தப் பிரதி இன்றும் போர்தோ நகர நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.