மூட்டைக்குக் குத்தூசி உண்டு, சான்றிதழுக்கு?

துவரம்பருப்பு வாங்கும்போது நாம் யாரும் மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. நடுவிலும் அடியிலும் குத்தூசி விட்டு, உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகே தொகை சொல்கிறோம். நாற்பது ஆண்டுகளாகத் தராசு பிடித்த என் கை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அந்தக் குத்தூசியை எடுக்க மறந்துவிட்டது. வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதுகிறேன். மற்ற கடைகளிலாவது இது நடக்காமல் இருக்கட்டும்.

என் கடையில் பொட்டலம் கட்டிய பையன் ஒருவன். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன், கணக்கில் சுத்தம். ஒரு நாள் செய்தித்தாளுக்குள் செருகி வந்த துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். விமான நிலையத்தில் வேலை, 45 நாள் பயிற்சி, 100 சதவீத உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்தது. "அண்ணாச்சி, நீங்க சொன்னா சேர்றேன்" என்றான். நான் தாளின் வழவழப்பைப் பார்த்தேன். கீழே போட்டிருந்த அரசு முத்திரை போன்ற முத்திரையைப் பார்த்தேன். "சேருப்பா" என்று சொல்லி ரூ.20,000 முன்பணமும் கொடுத்தேன்.

விண்ணப்பப் படிவத்துக்கு ரூ.500, பயிற்சிக் கட்டணம் ரூ.18,000, வேலை உறுதியாக 'வைப்புத் தொகை' ரூ.12,000, சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் ரூ.3,500. ஆக மொத்தம் ரூ.34,000. ஒரே நாளில் கேட்டிருந்தால் பையன் ஓடிவந்திருப்பான். நாலு தவணையாகக் கேட்டார்கள். முதலில் கொடுத்தது வீணாகிவிடுமே என்ற பயத்தில் அடுத்ததைக் கொடுத்தான். 45-ஆம் நாள் ஒரு சான்றிதழும், ஏதோ 'தேசிய' என்று தொடங்கும் கவுன்சிலின் உறுப்பினர் அட்டையும் வந்தன. நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் என்றார்கள். அதற்கடுத்த மாதம் போனபோது மாடியில் பூட்டுத் தொங்கியது.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

இந்த மோசடிகள் பெயரை மாற்றும், ஊரை மாற்றும், அடிப்படையை மாற்றுவதில்லை. வேலை கொடுப்பவன் உழைப்பை வாங்குகிறவன். வாங்குகிறவன்தான் பணம் கொடுக்க வேண்டும். நம் கடைக்கு ஆள் எடுக்கும்போது அவனிடமே பணம் கேட்போமா? வேலை தருகிறேன் என்று சொல்லி வைப்புத் தொகை, கோப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம் என்று வாங்குகிறவன் உழைப்பை வாங்க வரவில்லை. ஆசையை விற்க வந்திருக்கிறான்.

கட்டணம் வாங்கும் பயிற்சி எல்லாமே பொய் என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகமும் தையல் வகுப்பும் கணினிக் கணக்கு வகுப்பும் கட்டணம் வாங்கித்தான் நடக்கின்றன. அவர்கள் விற்பது வித்தையை, வேலையை அல்ல. தட்டச்சுத் தேர்வை நடத்துவதும் பயிலகம் அல்ல, அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். பயிற்சி, தேர்வு, சான்றிதழ், வேலை எல்லாம் ஒரே மாடியில் ஒரே ஆள் தருவதாகச் சொன்னால் அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

'அரசு பதிவு பெற்றது' என்ற வாசகம்தான் நம்மில் பலரை மயக்குகிறது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சில பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அறக்கட்டளையையும் பதிவு செய்யலாம். அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தப் பதிவு எண் சாட்சி. அது தரும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு என்று அரசு எங்கும் சொல்லவில்லை. கடை உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பதால் உள்ளே இருக்கும் பெருங்காயம் அசல் என்று ஆகிவிடுமா?

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் அப்படித்தான். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு சுய உறுதிமொழியின் பேரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் காட்டி 'மத்திய அரசு அங்கீகாரம்' என்று பலகை எழுதுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. என்ற எழுத்துகளும் அதே வகை. அந்தச் சர்வதேச அமைப்பு தரநிர்ணய விதிகளை வகுக்கிறதே தவிர, தானே யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுப்பவை வேறு நிறுவனங்கள். பட்டம் தருகிறோம் என்றால் இன்னும் கவனம் தேவை. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தின் மூலம் அமைந்த பல்கலைக்கழகங்களும் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அந்தக் குழுவே வெளியிட்டு வருகிறது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி 'பதிவு எண் என்ன?' என்பதல்ல. 'இந்தச் சான்றிதழை எந்த முதலாளி ஏற்றுக்கொள்கிறார்? அவர் பெயரும் விலாசமும் சொல்லுங்கள், நாங்களே கேட்டுக்கொள்கிறோம்' என்பதே கேள்வி. பிறகு அவர்கள் தரும் எண்ணில் பேசாமல், அந்த நிறுவனத்தின் எண்ணை நாமே தேடி எடுத்துப் பேச வேண்டும்.

'100 சதவீத உத்தரவாதம்' என்று ஆசை காட்டுவதும் இன்று சட்டத்துக்குப் புறம்பு. பயிற்சி நிலையங்களின் பொய் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. தேர்ச்சி நிச்சயம், வேலை நிச்சயம் என்ற பொய் வாக்குறுதிகளை அவை தடுக்கின்றன.

'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்'

நம் வணிகர் குடும்பங்களைக் குறிவைக்கும் வகை இது. ஊதுபத்தி, கற்பூரம், காகிதக் குவளை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். பயிற்சி தருகிறோம், இயந்திரம் தருகிறோம், மூலப்பொருளும் தருகிறோம், செய்த சரக்கை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். வீட்டுப் பெண்கள் நகையை அடகு வைத்து இயந்திரம் வாங்குகிறார்கள். முதல் இரண்டு தடவை சரக்கை எடுத்துப் பணமும் கொடுப்பான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் வாங்குவார்கள். மூன்றாவது தடவை 'தரம் இல்லை' என்று திருப்புவான். பிறகு ஆளே இருக்க மாட்டான்.

இதைக் கண்டுபிடிக்க நம்மை விடத் தகுதியானவர் யார்? உதாரணமாக, ஒரு பாக்கெட்டை ரூ.14-க்கு எடுத்துக்கொள்வதாக அவன் சொல்கிறான். நமக்கு அதே சரக்கு மொத்த வியாபாரியிடம் ரூ.10-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரூ.14 கொடுத்து வாங்கி அவன் யாருக்கு விற்பான்? அவன் லாபம் ஊதுபத்தியில் இல்லை, இயந்திரத்தில்தான் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். 2012-இல் கொங்குப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஈமு இறைச்சியும் எண்ணெயும் எந்தச் சந்தையில், யாரிடம், என்ன விலைக்குப் போகின்றன என்று அன்று கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

உறுப்பினர் சேர்த்தால் பங்கு, அவர்கள் கீழே சேர்த்தால் இன்னும் பங்கு என்று சொன்னால் அது பயிற்சியும் அல்ல, வியாபாரமும் அல்ல. பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு திட்டம் நடத்துவதை 2021-ஆம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன.

நம் கல்லாவுக்கே வரும் அட்டைகள்

பையன்களை மட்டும் ஏமாற்றுவதில்லை. 'சிறந்த வணிகர் விருது' தருகிறோம், விழாச் செலவுக்கு இவ்வளவு என்று கடிதம் வருகிறது. மனித உரிமை அமைப்பின் மாவட்டப் பொறுப்பு, அட்டை காட்டினால் அதிகாரிகள் தொந்தரவு இருக்காது என்று ஒருவர் வருகிறார். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு; அது கடை கடையாக உறுப்பினர் அட்டை விற்பதில்லை.

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி என்று சொல்லி வருபவர்களிடமும் விழிப்பு வேண்டும். உணவு வணிகர்களுக்கான பயிற்சித் திட்டம் உண்மையானது. 2017-இல் தொடங்கிய அதைப் பயிற்சிப் பங்காளர்கள் நடத்துகிறார்கள். ஆனால் வகுப்பே நடத்தாமல், கடை வாசலில் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ் நீட்டுகிறவரை நம்ப வேண்டாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது.

வெளிநாட்டு வேலை

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்ட செய்திகள் 2022-இல் வந்தன. தமிழகப் பிள்ளைகளும் அதில் மாட்டி மீட்கப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எவன் சொன்னாலும் அவனை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

நல்ல வாசல்கள்

தடுத்துவிட்டால் மட்டும் போதாது. வழியும் காட்ட வேண்டும். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கிராமப்புற இளைஞர்களுக்குத் தங்குமிடம், உணவுடன் பயிற்சி இலவசம். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியே இவற்றுக்கு முன்மாதிரி. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், மாவட்டத் தொழில் மையம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகியவையும் இருக்கின்றன. உணவுப் பதப்படுத்தலில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்குத் தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மூடி மறைப்பதுதான் மோசக்காரனுக்கு நாம் செய்யும் பெரிய உதவி. கைப்பேசி வழியாகவோ வங்கி வழியாகவோ பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிப் போய்விடும். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெற வேண்டும். பழைய 420-ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு மோசடியைத் தண்டிக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். பிரசுரம், ரசீது, குறுஞ்செய்தி எதையும் எறிந்துவிடக் கூடாது. அசல் மதிப்பெண் சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பிரசுரங்கள் ஒட்டப்படுவது நம் கடைச் சுவரில். கட்டுக்கட்டாக வைக்கப்படுவது நம் கல்லா மேஜையில். 'அண்ணாச்சி கடையில் பார்த்தேன்' என்று சொல்லித்தான் தெருப் பிள்ளைகள் போய்ச் சேருகிறார்கள். நம் பெயரும் சேர்ந்தே விலை போகிறது. விசாரிக்காமல் எந்தப் பிரசுரத்தையும் கடையில் வைக்க விடாதீர்கள். கடைப் பையன் முன்பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்; பயிற்சிக்கு என்றால் ஒரு நாள் அவனோடு நேரில் போய்ப் பாருங்கள்.

என் கடைப் பையன் இரண்டு மாதம் என் கண்ணில் படாமல் சுற்றுத் தெரு வழியாகப் போய்வந்தான். பிறகு ஒரு காலை, கடை திறக்கும் நேரத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி, சம்பளத்துல மாசாமாசம் கழிச்சுக்கோங்க" என்றான். பேரேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த ரூ.20,000-ஐ அடித்துவிட்டு, என் சொந்தச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன். குத்தூசி விடாமல் கொள்முதல் செய்தவன் நான்தானே?