மூக்கடைப்புக்கு நெபுலைசர்: எப்போது பயன்படும், எப்போது பயன்படாது?

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த பின்னும் சுவர்களில் ஈரமும் பூஞ்சையும் வாரக்கணக்கில் நீடித்தன. அடுத்து வந்த மாதங்களில் தும்மலும் மூக்கடைப்புமாக எம்மிடம் வந்தவர்களுள் மயிலத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த 56 வயது அம்மையார் ஒருவர்.

உடன் வந்த மகன் ஒரு பையைத் திறந்து நெபுலைசர் கருவியை மேசைமேல் வைத்தார். "ஐயா, மூணு மாசமா வீட்டிலேயே அம்மாவுக்குக் கேஸ் வைக்கிறோம். ஒரு மணி நேரம் நல்லா இருக்கு, மறுபடியும் அடைச்சுக்குது" என்றார். அக்கருவி ஆஸ்துமா உள்ள பேரனுக்காக வாங்கப்பட்டது. பேரனுக்குரிய சால்பூட்டமால் மருந்தையே பாட்டிக்கும் ஊற்றி, அதே முகக்கவசத்தையே இருவருக்கும் வைத்து வந்திருக்கிறார்கள். அம்மையாருக்கு வாசனை அறியும் திறன் முற்றிலும் போயிருந்தது. அதைவிடக் கவலை தந்த செய்தியை அவரே சொன்னார். ஒரு நாள் அடுப்பில் எரிவாயு கசிந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை.

இதுபோன்ற குடும்பங்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். நெபுலைசர் நல்ல கருவிதான். ஆயினும் எந்த நோய்க்கு, எந்த மருந்தோடு, எந்த நிலையில் என்று தெரிந்து பயன்படுத்தினால்தான் பலன் கிட்டும்.

மூடுபனி எங்கே செல்கிறது?

திரவ மருந்தை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடித்து மூடுபனி போல வெளியிடுவதே நெபுலைசரின் வேலை. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சுமார் 5 மைக்ரானுக்கும் சிறிய துளிகள் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலை அடைகின்றன. 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலேயே படிந்துவிடுகின்றன. வீடுகளில் உள்ள சாதாரண நெபுலைசர்கள் ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய்களுக்காகவே சிறு துளிகளை உருவாக்குமாறு அமைக்கப்பட்டவை.

சைனஸ் என்பவை மூக்கைச் சுற்றி எலும்புக்குள் அமைந்த நான்கு இணைக் காற்றறைகள். கன்னத்தின் உள்ளே இருக்கும் பெரிய அறைக்குக்கூட வாயில் சில மில்லிமீட்டர் அகலமே. மூக்கின் சளிச்சவ்வு வீங்கும்போது அவ்வாயில் அடைபடுகிறது. உள்ளே ஊறும் சளி வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இதைத்தான் நம் ஊரில் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோம். காற்றோட்டமே இல்லாத அந்த அறைக்குள், அடைபட்ட வாயில் வழியே, மூடுபனி தானாக நுழைவதில்லை. காற்றை அதிர்வோடு செலுத்தும் தனிவகை நெபுலைசர்கள் ஓரளவு மருந்தை உள்ளே சேர்க்கின்றன. ஆனால் அவை வீட்டில் இருக்கும் கருவிகள் அல்ல.

சால்பூட்டமால் மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும் மருந்து. சளிச்சவ்வின் அழற்சியை அது குறைக்காது. அம்மையாருக்கு ஒரு மணி நேரம் கிடைத்த சுகம், ஈரக்காற்று சளியை இளக்கியதால் வந்தது. அவர் சொன்ன படபடப்பும் கைநடுக்கமும் மருந்தினால் வந்தவை.

முதலில் செய்ய வேண்டியவை

சாதாரணச் சளியோடு வரும் சைனஸ் அழற்சி பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. பத்து நாள்களுக்குள் தானாகவே குறையும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. பத்து நாள்களைத் தாண்டினாலோ, குறைந்து வந்தது மீண்டும் கடுமையானாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட அழற்சி. அதற்கு அடிப்படை மருத்துவம் இரண்டு: உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான்.

கழுவும் நீரைத் தயாரிப்பது எளிது. அரை லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, குறைந்தது ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்த பின் ஆறவையுங்கள். வெதுவெதுப்பானதும் அயோடின் சேராத தூய உப்பு ஒரு தேக்கரண்டி அளவு, தலைதட்டிச் சேருங்கள். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு சமையலுக்கு ஏற்றது. மண்ணும் பிற கலப்பும் இருக்கக்கூடும் என்பதால் மூக்குக்கு வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புப் பொட்டலமும் கழுவும் குப்பியும் இன்னும் வசதியானவை. குழாய்நீர், கிணற்றுநீர், கேன் தண்ணீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக் கூடாது. கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் உயிரிழப்புகள் நேர்ந்ததை அறிவீர்கள். அவ்வகை அமீபா தூய்மையற்ற நீர் மூக்கினுள் ஏறும்போதுதான் உடலுக்குள் புகுகிறது. அதே நீரைக் குடிப்பதால் அந்நோய் வருவதில்லை.

மூக்கைக் கழுவிக் கால் மணி நேரம் கழித்துத் தெளிப்பானைப் பயன்படுத்துங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலப்பக்க நாசிக்கு இடக்கையாலும் இடப்பக்க நாசிக்கு வலக்கையாலும், முனையைக் காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் நேராக அடித்தால் இரத்தம் கசியும். முழுப்பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகளை ஐந்து நாள்களுக்கு மேல் விடக் கூடாது. பிறகு அம்மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதைப் பலர் கேட்கிறார்கள். அது சிறிது நேரம் இதம் தரலாம், நோயைத் தீர்ப்பதில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் தீக்காயமடைவது உண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் பலர் கூடி ஆவி பிடித்ததை, நோய் பரவும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் எச்சரித்துத் தடுத்ததும் நினைவிருக்கலாம்.

நெபுலைசர் எப்போது?

சைனஸ் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களுக்கு அறைகளின் வாயில்கள் அகலமாகத் திறந்திருக்கும். அந்நிலையில் புடெசனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்தைக் கழுவும் நீரில் கலந்தோ, மூக்கு வழியாக நெபுலைசர் மூலமோ செலுத்துவது பலருக்கு உதவுகிறது. தெளிப்பானைச் சரியாகப் பயன்படுத்த இயலாத சிலருக்கும், ஆஸ்துமாவும் மூக்கு அழற்சியும் சேர்ந்திருப்போர் சிலருக்கும் நாங்கள் இதை எழுதித்தருகிறோம். அப்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• நிமிர்ந்து அமர்ந்து, முகக்கவசத்தைப் பொருத்தி, வாயை மூடி மூக்கால் மெதுவாகச் சுவாசியுங்கள். மருந்து தீரச் சுமார் பத்து நிமிடங்கள் ஆகும்.

• எழுதித்தந்த மருந்தை, எழுதித்தந்த அளவில் மட்டுமே ஊற்றுங்கள். ஊசி மருந்து, தைலம், எண்ணெய், மூலிகைச் சாறு, குழாய்நீர் எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெய்த்துளி நுரையீரலில் படிந்தால் நிமோனியா வரக்கூடும்.

• ஸ்டீராய்டு மருந்தாயின், முடிந்ததும் முகத்தைக் கழுவி, வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

• மருந்துக் கிண்ணத்தையும் முகக்கவசத்தையும் ஒவ்வொரு முறையும் மிதமான சோப்பு நீரில் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, காற்றில் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி வளரும்.

• கருவி வீட்டுக்கு ஒன்று இருக்கலாம். கிண்ணமும் முகக்கவசமும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து இறுக்கம், தெளிவற்ற பேச்சு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மூக்கிலோ மேல்வாயிலோ கறுப்பு நிறம் தோன்றுவது, ஒரு பக்க முகம் மரத்துப்போவது ஆகியவை கருப்புப் பூஞ்சை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 2021 மே மாதத்தில் தமிழக அரசு அதனை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. இரவு நேரமாயினும் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லத் தயங்காதீர்கள். குழந்தைக்கு ஒரு பக்க நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால், நிலக்கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டில் எடுக்க முயலாமல் அழைத்து வாருங்கள்.

அம்மையாரின் மூக்கினுள் எண்டோஸ்கோப் கருவியால் பார்த்தபோது இருபக்கமும் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி இருந்தது. அது வெள்ளத்துக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஈரமும் பூஞ்சையும் தொல்லையைக் கூட்டின. மூன்று மாதங்கள் கழுவுதலும் தெளிப்பானும் தொடர்ந்தும் போதிய பலன் இல்லாமையால் அறுவை மருத்துவம் செய்தோம். அதன் பின்னரே, புதிய முகக்கவசத்தோடும் உரிய மருந்தோடும், சில வாரங்களுக்கு அதே கருவியைப் பயன்படுத்தச் சொன்னோம்.

அடுத்த முறை வந்தபோது, முந்திய வாரம் வத்தக்குழம்பு தாளிக்கும் வாசனை தெரிந்ததாகச் சொன்னார். மகனோ, வாசனை முழுமையாகத் திரும்பும்வரை அடுப்பைத் தாமே ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவதாகச் சொன்னார். நல்ல பழக்கம் என்றேன். உங்கள் வீட்டிலும் நெபுலைசர் இருந்தால், அடுத்த முறை வரும்போது கருவியையும் மருந்தையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் பார்த்து, தேவைதானா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.